ஆட்டத்தில் மொழி எதற்கு என்று கேட்பவர்களுக்கு

2023 நவம்பர் 19ஆம் தேதி ஞாயிறு இரவு நம் ஊரில் எத்தனை வீட்டில் ஒழுங்காகச் சாப்பிட்டிருப்பார்கள் என்று தெரியாது. உலகக் கோப்பையில் வரிசையாகப் பத்து ஆட்டம் ஜெயித்துவிட்டு அகமதாபாத்தில் ஆஸ்திரேலியாவிடம் தோற்ற இரவு அது. என் வீட்டிலும் டி.வி.யை அணைத்துவிட்டுப் பேச்சில்லாமல் படுத்தோம்.

மறுநாள் காலை எட்டு மணி வாக்கில் மாண்ட்ரியாலிலிருந்து தங்கை மகன் போன் செய்தான். அங்கே அப்போது ஞாயிறு ராத்திரி ஒன்பதரை. "மாமா, நம்ம ஆளுங்க ஜெயிச்சிட்டாங்க!" என்று கத்தினான். நான் தூக்கக் கலக்கத்தில், "நேத்தே தோத்துட்டோமேடா" என்றேன். "அது கிரிக்கெட் மாமா. நான் சொல்றது அலுவெத்!" என்றான்.

அலுவெத் என்பது மாண்ட்ரியால் நகரின் தொழில்முறைக் கால்பந்துக் குழு. ஆங்கிலக்காரர்கள் அலுவெட்ஸ் என்பார்கள். கால்பந்து என்றாலும் நம் ஊர் மைதானத்தில் ஆடும் உருண்டைப் பந்து ஆட்டம் அல்ல இது. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி, முட்டி மோதி ஆடுவது. அமெரிக்க ஆட்டத்துக்குப் பங்காளி என்று சொல்லலாம். அமெரிக்காவில் பக்கத்துக்கு 11 பேர், கனடாவில் 12 பேர். அவர்களுக்குப் பத்து கெஜம் முன்னேற நான்கு வாய்ப்பு, இவர்களுக்கு மூன்றே மூன்று. நாடு முழுக்க ஒன்பது குழுக்கள்தான். அதில் கியூபெக் மாநிலத்துக்கு இது ஒன்றுதான்.

இந்தக் குழுவை நான் பத்துப் பன்னிரண்டு வருடமாகக் கவனித்து வருகிறேன். முதலில் மருமகனுக்காக, பிறகு பெயருக்காக. அலுவெத் என்றால் வானம்பாடி. பிரெஞ்சு மீடியத்தில் படித்தவர்கள் எல்லோரும் சின்ன வகுப்பில் அந்தப் பெயருள்ள பாட்டைக் கைதட்டிப் பாடியிருப்பீர்கள். வானம்பாடியைப் பிடித்துத் தலையிலிருந்து ஒவ்வோர் இடமாக இறகு பிடுங்குகிற பாட்டு அது. பொருள் தெரியாமல் சந்தோஷமாகப் பாடினோம்! இறகு பிடுங்கப்படும் பறவையின் பெயரை வைத்துக்கொண்ட குழுவுக்கு அப்படியே நடந்தும் வந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

கோப்பை ஜெயித்த கையோடு, மைதானத்தில் நின்றபடியே, மார்க்-அந்துவான் தெக்வா என்ற ஆட்டக்காரர் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் கொதித்துப்போய்ப் பேசினார். எங்களை யாரும் நம்பவில்லை, எல்லோரும் டொராண்டோவையும் வின்னிபெக்கையும்தான் இறுதி ஆட்டத்தில் எதிர்பார்த்தார்கள், இந்த அரங்கில் எங்கே திரும்பினாலும் ஆங்கிலம்தான் எழுதியிருக்கிறது, உங்கள் ஆங்கிலத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், கோப்பை எங்களோடு மாண்ட்ரியாலுக்கு வருகிறது என்ற பொருளில் கேமராவைப் பார்த்துச் சொன்னார். அந்த வீடியோவை மருமகன் அனுப்பினான். நான் நாலைந்து தடவை பார்த்தேன். கடற்கரையில் நடக்கும் நண்பர்களுக்கும் காட்டினேன்.

அங்கே ஆரம்பித்தது சண்டை. "ஆட்டம்னா ஆட்டம் சார், அதுல எதுக்கு மொழியைக் கொண்டுவந்து நுழைக்கணும்?" என்றார் ஒருவர். "ஜெயிச்சவன் அடக்கமா இருக்க வேணாமா?" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் ஒரு படி மேலே போய், "உங்களுக்குப் பிரெஞ்சு மேல பாசம், அதான் பேசறீங்க" என்றார். கடற்கரையில் கத்திப் பேச என் மூச்சு இப்போது ஒத்துழைப்பதில்லை. ஆகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஆள் எந்த வயிற்றெரிச்சலில் பேசினார் என்று பார்ப்போம்.

1946இல் ஆரம்பித்த குழு இது. எண்பதுகளில் நொடித்துப் பெயர் மாறி, மறுபடி பழைய பெயருக்கே திரும்பி, 1987இல் சீசன் தொடங்கப் போகும் நேரத்தில் இழுத்து மூடப்பட்டது. ஒன்பது வருடம் மாண்ட்ரியாலுக்குக் குழுவே இல்லை. 1996இல், அதற்கு முந்தைய ஆண்டு கோப்பை வென்ற பால்டிமோர் குழு இடம் மாறி வந்து அலுவெத் ஆனது. பெரிய ஒலிம்பிக் அரங்கத்தில் ஆள் நிரம்பாமல் ஆடிக்கொண்டிருந்தார்கள். 1997இல் அந்த அரங்கம் ஒரு இசை நிகழ்ச்சிக்குப் போய்விட, மலைச்சரிவில் மக்கில் பல்கலைக்கழகத்தின் பழைய மோல்சன் மைதானத்துக்குப் போனார்கள். அங்கேதான் கூட்டம் பிடித்துக்கொண்டது, குழுவும் அங்கேயே தங்கிவிட்டது. வாடகை வீட்டை விட்டுக் கிளம்பச் சொன்னவன் நல்ல வீட்டுக்கு வழி காட்டியது போல.

2009, 2010 இரண்டு வருடமும் கோப்பை. பிறகு பத்துப் பன்னிரண்டு வருடம் வறட்சி. 2019இல் சொந்தக்காரர்கள் கைகழுவ, லீக் நிர்வாகமே குழுவை எடுத்துக்கொண்டது. 2020இல் இரண்டு தொழிலதிபர்கள் வாங்கினார்கள். பெரும்பங்கு வைத்திருந்தவர் அடுத்த ஆண்டே காலமானார், மற்றவரும் விலகிக்கொண்டார். 2023 பிப்ரவரியில் மறுபடி லீக் கையில். நாலு வருடத்தில் இரண்டாவது முறை அனாதை! நல்ல ஆட்டக்காரர்களை ஏலம் போல் இழுத்துக்கொள்ளும் மாதம் அது. முதலாளியே இல்லாத குழுவுக்கு யார் வருவார்கள்? இருந்த குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தையே நடத்துகிறவர், சஸ்காச்சுவானுக்குப் போனார். முக்கியமான பந்து பிடிப்பவர் எட்மன்டனுக்குப் போனார்.

மார்ச் மாதம் பியேர் கார்ல் பெலாதோ என்ற கியூபெக் தொழிலதிபர் வந்து வாங்கினார். பயிற்சியாளர் ஜேசன் மாஸ் புதியவர். குவாட்டர்பேக் கோடி ஃபஜார்டோ, முந்தைய வருடம் சஸ்காச்சுவானில் நம்பிக்கை இழந்து பெஞ்சில் உட்கார வைத்த ஆள். மொத்தத்தில், அடுத்த வீட்டில் கழித்துப் போட்ட சாமான்களை வைத்துக் கல்யாணச் சமையல் செய்வது மாதிரி ஒரு குழு.

18 ஆட்டம். முதல் இரண்டில் வெற்றி, அடுத்த மூன்றில் தோல்வி, பிறகு நான்கு வெற்றி, பிறகு நான்கு தோல்வி. செப்டம்பர் நடுவில் கணக்கு: வெற்றி 6, தோல்வி 7. அந்த ஏழு தோல்வியும் டொராண்டோ, வின்னிபெக், பிரிட்டிஷ் கொலம்பியா என்ற மூன்றே பெரிய குழுக்களிடம். டொராண்டோவிடம் மட்டும் மூன்று. சின்னவர்களை அடிக்கத் தெரியும், பெரியவர்களைக் கண்டால் கை நடுங்கும் என்று எழுதினார்கள். எழுதியவர்களைக் குறை சொல்ல மாட்டேன், கணக்கு அப்படித்தான் இருந்தது. அதன் பிறகு கடைசி ஐந்து ஆட்டமும் வெற்றி. 11க்கு 7 என்று கிழக்குப் பிரிவில் இரண்டாம் இடம்.

நவம்பர் 4ஆம் தேதி சொந்த மைதானத்தில் ஹாமில்டனை 27க்கு 12 என்று வென்றார்கள். 11ஆம் தேதி டொராண்டோவுக்கே போய் ஆட வேண்டும். டொராண்டோ அந்த வருடம் 18இல் 16 ஜெயித்த குழு. அதைவிட அதிகம் அந்த லீகில் யாரும் ஒரு சீசனில் ஜெயித்ததில்லை. அந்தக் குழுவை அதன் வீட்டிலேயே 38க்கு 17 என்று அடித்தார்கள். டொராண்டோ குவாட்டர்பேக் எறிந்த நான்கு பந்துகளை மாண்ட்ரியால்காரர்கள் பிடுங்கினார்கள். அதில் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு மைதானத்தின் மறுகோடிவரை ஓடிப் போய்ப் புள்ளி எடுத்தவர்தான் நம்ம தெக்வா.

இறுதி ஆட்டம் ஹாமில்டனில், வின்னிபெக்குடன். பாதி ஆட்டத்தில் 17க்கு 7 என்று பின்தங்கியிருந்தார்கள். கடைசி நிமிடங்களில் 24க்கு 21. மூன்றாவது வாய்ப்பு, இன்னும் ஐந்து கெஜம் வேண்டும், தவறினால் எல்லாம் முடிந்தது. முந்தைய வருடம் பெஞ்சில் உட்கார்ந்த ஃபஜார்டோ எறிந்தார், கோல் ஸ்பீக்கர் என்பவர் பிடித்தார், 31 கெஜம். 13 விநாடி பாக்கி இருக்கும்போது டைசன் ஃபில்பாட் கோட்டுக்குள் பந்தைப் பிடித்தார். 28க்கு 24. எட்டாவது கோப்பை. ஃபஜார்டோதான் ஆட்ட நாயகன்.

இப்போது நண்பர்களின் கேள்விக்கு வருகிறேன்.

"ஆட்டம்னா ஆட்டம், மொழி எதற்கு?" நல்லது. அந்த அரங்கில் மொழியைக் கொண்டுவந்தவர் தெக்வா அல்ல. பெயர்ப் பலகையிலும் அறிவிப்பிலும் ஏற்கெனவே ஒரு மொழி இருந்ததே? அது ஆங்கிலமாக இருந்தால் மொழி என்று நம் கண்ணில் படுவதில்லை, காற்று மாதிரி இருக்கிறது. இன்னொருத்தன் தன் மொழி எங்கே என்று கேட்டவுடன் அது 'மொழிப் பிரச்சினை' ஆகிவிடுகிறது. பந்தியில் ஒருவனுக்கு மட்டும் இலை போடாமல் விட்டுவிட்டு, அவன் கேட்டால் விருந்தில் தகராறு செய்கிறான் என்பது போல.

இதைச் சொன்ன நண்பர் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும் (பெயர் எழுத மாட்டேன், அவரும் இதைப் படிக்கிறார்). இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வங்கியில் பணம் எடுக்கும் சீட்டில் இந்தியும் ஆங்கிலமும் மட்டும் இருப்பதைப் பார்த்து, மேனேஜர் அறைக்குப் போய் அரைமணி நேரம் நியாயம் கேட்டவர். நான் துணைக்கு நின்றேன். "வங்கின்னா வங்கி சார், அதுல எதுக்கு மொழி?" என்று அந்த மேனேஜர் கேட்டிருந்தால் இவர் என்ன செய்திருப்பார்?

அடுத்த வாதம்: அது தனியார் லீக், ஆட்டம் நடந்தது ஆங்கில ஊர், வியாபாரம் அப்படித்தான். சட்டப்படி சரி. 1969இல் கனடா போட்ட ஆட்சிமொழிச் சட்டம் மத்திய அரசு அமைப்புகளைக் கட்டுப்படுத்துமே தவிர, பந்து லீகை அல்ல. ஆனால் அந்த லீகின் பெயரிலேயே 'கனேடிய' என்று இருக்கிறது. அவர்கள் தரும் கோப்பையைக் கொடையாகத் தந்தவர் 1909இல் கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த கிரே பிரபு. நாட்டின் பெயரைச் சட்டையில் குத்திக்கொள்ளும்போது நாட்டின் இரண்டு மொழியும் வேண்டும், பலகை எழுதும்போது மட்டும் வியாபாரம் என்றால் எப்படி? கியூபெக்கில் 2021இல் சுமார் 85 லட்சம் பேர், அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது பிரெஞ்சு. அவர்கள் டிக்கெட் பணத்தில் ஆங்கிலம், பிரெஞ்சு என்று பிரித்தா வாங்குகிறார்கள்? நாலு பலகை எழுத எவ்வளவு பெயிண்ட் செலவாகும்? இதில் வேடிக்கை, தெக்வா கத்திய பிறகு லீக் நிர்வாகமே பிரெஞ்சு போதவில்லை என்று ஒத்துக்கொண்டது. கத்துவதற்கு முன் ஏன் தெரியவில்லை?

இன்னொன்று: "ஃபஜார்டோ கலிபோர்னியாக்காரர், பாதிப் பேர் அமெரிக்கர்கள், அவர்களுக்குப் பிரெஞ்சு தெரியுமா?" தெரியாமல் இருக்கலாம். அவர்கள் சண்டையும் போடவில்லை. பந்தை எறிகிறவனுக்காகப் பலகை எழுதுவதில்லை, பார்க்க வருகிறவனுக்காக எழுதுவது. சண்டை போட்டவர் மண்ணின் மைந்தர். மாண்ட்ரியால்காரர், அங்கேயே பிரெஞ்சுப் பல்கலைக்கழகத்தில் ஆடி வளர்ந்தவர். குழுவின் பொது மேலாளர் டேனி மசியோசியா முன்பு அந்தப் பல்கலைக்கழகக் குழுவுக்குத்தான் பயிற்சியாளராக இருந்தார். அந்த ஊர்ப் பிள்ளைக்கு வலித்தது, சொன்னான்.

அடக்கம் பற்றிச் சொன்ன நண்பருக்கு: எனக்கும் அந்தப் பேச்சில் ஒரு குறை உண்டு. 'உங்கள் ஆங்கிலம்' என்ற வார்த்தை, பக்கத்தில் நின்று கூடவே ரத்தம் சிந்தி ஆடிய சொந்தத் தோழர்களையும் குத்தும். அடுத்த நாட்களில் அவரே, ஆங்கிலம் பேசுகிறவர்களைத் தாக்க நினைக்கவில்லை, உணர்ச்சி வேகத்தில் வந்தது என்று விளக்கம் கொடுத்தார். பெருந்தன்மை. ஆனால் வரிசையைக் கவனியுங்கள். மிதித்தவன் சாவகாசமாக 'இனிமேல் பார்த்து நடக்கிறோம்' என்கிறான். மிதிபட்டு 'ஆ' என்றவனிடம், இவ்வளவு சத்தமாகவா கத்துவது என்று எல்லோரும் விளக்கம் கேட்கிறார்கள். அடக்கம் என்பது எப்போதும் கீழே இருப்பவனுக்கு மட்டும் சொல்லப்படும் உபதேசமா?

கடைசியாக என் 'பிரெஞ்சுப் பாசம்'. இதற்குக் கொஞ்சம் சரித்திரம் வேண்டும். 1761இல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்து இடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள். 1763இல் பாரிஸ் ஒப்பந்தம் வந்தது. அதில் பிரெஞ்சு அரசு கனடாவை ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்தது, புதுச்சேரியைத் திரும்பப் பெற்றது. ஒரே ஒப்பந்தம்! அந்தத் தாளில் ஒரு பத்தியில் அவர்கள் ஊர் போனது, இன்னொரு பத்தியில் நம் ஊர் திரும்பியது. அன்று முதல் பிரெஞ்சு இங்கே ஆளுகிறவன் மொழி, அங்கே ஆளப்படுகிறவன் மொழி. இரண்டும் ஒன்றல்ல. இங்கே 1965இல் நம் சட்டசபை தமிழை ஆட்சிமொழி ஆக்கியபோது அது நியாயம். பிரெஞ்சில் படித்த நானே சொல்கிறேன், நியாயம். ஆகவே நான் பிரெஞ்சுக்காக வக்காலத்து வாங்கவில்லை. பலகையில் இடமில்லாமல் போனவனுக்காகப் பேசுகிறேன்.

அதனால்தான் கியூபெக் அரசு செய்வதையும் முழுக்க ஏற்க மாட்டேன். 2022இல் அவர்கள் கொண்டுவந்த மொழிச் சட்டப்படி, புதிதாகக் குடியேறியவனுக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு, சில விலக்குகள் தவிர, அரசு பிரெஞ்சில்தான் எழுதும். வயிற்றுப்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பவன் ஆறு மாதத்தில் ஒரு மொழியைக் கற்று அரசுக் கடிதம் படிக்க வேண்டுமாம். ஹாமில்டன் பலகைக்குக் கொதித்தவர்கள் இதற்கும் கொஞ்சம் கொதிக்க வேண்டும்.

இவ்வளவு பேசும் நான் யோக்கியனா? அதையும் எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளின் ஆரம்பம். நான் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா. ஒரு நாள் ஒரு அம்மாள் வந்தார், காலம் சென்ற ஒரு சொல்தாவின் மனைவி. ஏதோ ஒரு சான்றுக்காகத் திருமணப் பதிவு நகலைக் கொண்டுவந்திருந்தார். பழுப்பேறிய பிரெஞ்சுத் தாள், ஈரம் படாமல் புடவைத் துணியில் சுற்றியிருந்தது. அதிகாரி வெளியூர்க்காரர், புரட்டிக்கூடப் பார்க்காமல், இங்கிலீஷில் கொண்டுவா என்று தாளைத் தள்ளினார். அந்த அம்மாள் என் மேசைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். எனக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியும் என்று அவருக்குத் தெரியும், அதே தெருதான். அதில் இருந்தது மொத்தம் பத்துப் பன்னிரண்டு வரி. பெயர், தேதி, சாட்சிகள். "சார், நான் படித்துக் குறிப்பு எழுதித் தருகிறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடிந்திருக்கும். பதவி உயர்வுப் பட்டியல் அதே அதிகாரியின் மேசையில் இருந்தது. நான் கோப்பைப் புரட்டுவது போல் குனிந்துகொண்டேன்.

மொழிபெயர்ப்புக்குப் பணம் கொடுத்து, மூன்று முறை நடந்து, அந்த அம்மாள் சான்றை வாங்கினார். அதன் பிறகு தெருவில் என்னைப் பார்த்தால் எப்போதும்போல் "நல்லா இருக்கியா தம்பி" என்றுதான் கேட்பார். திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஜெயித்த இரவில், எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும்போது, வாயை மூடிக்கொண்டு சிரித்தபடி போட்டோவுக்கு நிற்பது தெக்வாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் அப்படி நின்றிருப்பேன். நாற்பது வருடத்துக்கு முன் அப்படித்தான் குனிந்துகொண்டேன். அந்தப் பையன் அப்படி நிற்கவில்லை. இருபத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட்டான் என்று குறை சொல்லும் நண்பர்களுக்கு என் பதில் இதுதான். சத்தம் போடாமல் இருந்தவன் எப்படி இருப்பான் என்று பார்க்க வேண்டுமானால், நாளைக் காலை ஆறு மணிக்குக் கடற்கரைக்கு வாருங்கள். காந்தி சிலைக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.